உங்களுக்குத் தெரியுமா? மார்பகச் சோதனை

● மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க எந்திரம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஒன்றரை லட்சம் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பகத்தைக் கையால் தடவிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் டாக்டர்கள்கூட இல்லை. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். 2021இல் முடிவு வெளியானது: சோதித்த பிரிவில் 50 வயது தாண்டியவர்களிடம் இந்நோயால் நேரும் சாவு சுமார் 30 சதவீதம் குறைவு. இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை, அதையும் மறைக்கக்கூடாது. என்றாலும் மூணாறு, வண்டிப்பெரியாறு, நெல்லியாம்பதி தோட்டத் தொழிலாளர் லயங்களுக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் எந்திரம் மலையேறுவது சிரமம், நர்ஸ் ஏறிவிடலாம்.

● 30 முதல் 65 வயதுவரை 5 ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கைச்சோதனை செய்யவேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். கேரள அரசு 2025 பிப்ரவரி 4 அன்று ‘ஆரோக்கியம் ஆனந்தம்’ என்ற புற்றுநோய்ப் பரிசோதனை இயக்கத்தைத் தொடங்கியபோது, பெண்களைத்தான் முதலில் அழைத்தது.

● “வலிக்கவே இல்லையே, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று கொழுந்து எடுக்கப் போய்விடுகிறோம். புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை! அதேசமயம், கையில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றும் அல்ல. எது எது என்று ஸ்கேனும் ஊசிச் சோதனையும்தான் சொல்லும்.

● காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, ரத்தம் கசிவது, தோல் ஆரஞ்சுத் தோல்போலக் குழிவது: இவை தெரிந்தால் பரிசோதனை முகாம் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

● மேமோகிராம் எடுக்கும் நாளில் அக்குளுக்குப் பவுடர், சென்ட் வேண்டாம். அந்தத் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகளாகத் தெரிந்து டாக்டரைக் குழப்பும்.

● மேமோகிராம் அறிக்கையில் ‘பைராட்ஸ் 0’ என்றிருந்தால் ‘ஒன்றுமில்லை’ என்று அர்த்தமில்லை. இன்னும் படம் எடுத்தால்தான் சொல்லமுடியும் என்று அர்த்தம். குறையில்லை என்றால் 1 என்று போடுவார்கள்.

● ஆண்களுக்கும் வரும்: மார்பகப் புற்றுநோயாளிகள் நூறு பேரில் சுமார் ஒருவர் ஆண்.

● சிகிச்சைக்குக் குமுளிக்காரர்கள் தேனிக்கும், கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் கோவைக்கும் போவது வழக்கம்தான். போகும்போது இங்கே எடுத்த பழைய படத்தையும் அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள். போன தடவை இல்லாத புள்ளி இந்தத் தடவை வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, அந்த டாக்டருக்கு அது கட்டாயம் வேண்டும்.