காஞ்சிக்குத் தனியே

‘சத்திரம்’ என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம் என்பது யாவரும் அறிந்ததே. எங்கள் ஊராகிய சுங்குவார்சத்திரத்தின் பெயரிலேயே அச்சொல் அமைந்திருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருவழியில் இரவும் பகலும் எத்தனையோ பேர் எங்கள் ஊரைக் கடந்து செல்கின்றனர். ஆயினும் எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்த நாங்கள் மூவரும் ஒருநாளேனும் தனியே பேருந்து ஏறி அடுத்த ஊர் சென்றதில்லை. அடுத்த ஆண்டு மேல்நிலை வகுப்பில் சேர நாள்தோறும் காஞ்சிபுரம் சென்று வரவேண்டியிருக்கும். “பெண் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது?” என்ற பேச்சு எங்கள் மூன்று வீடுகளிலும் எழுந்துவிட்டது. ஆகவே தனிப்பயணம் என்பது என்ன, அதற்கு வேண்டிய ஆயத்தம் என்ன என்று ஆராய முற்பட்டோம்.

தனித்துப் பயணம் செய்வது புதுமையன்று. காஞ்சிக்கு வந்த பயணிகளுள் மிகப் பழையவர் ஒருவர் பெண்ணே! தகடூரை ஆண்ட அதியமானின் தூதராகக் காஞ்சித் தொண்டைமானிடம் சென்றவர் ஒளவையார். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையுடன் காட்ட, அவை எண்ணெய் பூசி அழகாக இருப்பதையும், அதியமானின் வேல்களோ போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஒளவையார் நயமாகச் சொன்ன செய்தி புறநானூற்றில் உள்ளது. கையில் ஆயுதம் இல்லை; சொல்லே துணை.

சீனத் துறவி யுவான் சுவாங் தம் நாட்டு அரசின் தடையை மீறிப் புறப்பட்டு, பாலைவனத்தில் வழிகாட்டியும் கைவிட, தன்னந்தனியே அதைக் கடந்து, பின்னர்ப் பாரதம் சேர்ந்தவர். அவர் கி.பி. 640-ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட புத்த மடங்களும் பதினாயிரம் துறவியரும் இந்நாட்டில் இருந்தனர் என்றும், இம்மக்கள் கல்வியைப் போற்றுபவர் என்றும் எழுதிவைத்தார்.

காஞ்சியிலிருந்து கடல் கடந்து சென்றோரும் உண்டு. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபா என்ற ஊருக்கு அருகே 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அது ‘அவனிநாரணம்’ என்னும் குளத்தையும், மணிக்கிராமத்து வணிகரையும் குறிப்பிடுகிறது. அவனிநாரணன் என்பது காஞ்சியிலிருந்து ஆண்ட மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். இன்று தாய்லாந்தின் சிறு கோயில் நகரங்களை உலகெங்கிலுமிருந்து பெண்கள் தனியே சென்று காண்கிறார்கள். எங்களுக்கோ அத்தகைய கோயில் நகரம் ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் இருக்கிறது!

எங்கள் பக்கத்து வீட்டு மாடியில், டெல்டா மாவட்டத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த அக்கா ஒருவர் குடியிருக்கிறார். அவரைப் போலப் பல்லாயிரம் பெண்கள் எங்கள் பகுதியில் தனியே வந்து உழைக்கின்றனர். அவர்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு ஞாயிறன்று அக்கா காஞ்சிக்குப் புறப்பட்டபோது வீட்டுக்காரப் பாட்டி, “ஏம்மா, தனியாவா போறே?” என்று கேட்டார். “ஊரை விட்டுத் தனியாத்தானே பாட்டி வந்தேன்?” என்றார் அக்கா. பாட்டி பிறகு ஒன்றும் பேசவில்லை.

அன்று அக்கா ஒரு தவறு செய்தார். நண்பகலில் போய் இறங்கினார். கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி, மாலை 4 மணியளவில்தான் திறக்கும். ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் நின்றவரை ஒருவர், “தறி காட்டுகிறேன், பட்டு மலிவாக வாங்கித் தருகிறேன்” என்று விடாமல் தொடர்ந்தார். அக்கா ஓடவில்லை, சண்டையும் போடவில்லை. எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாளின் அருகில் போய் உட்கார்ந்து, நாரை எடுத்துத் தாமும் பூத்தொடுக்கத் தொடங்கினார். தொடர்ந்தவர் போய்விட்டார். மாலை வரை நேரமும் போயிற்று!

இதிலிருந்து நாங்கள் தொகுத்த குறிப்புகளைத் தோழியருக்குத் தருகிறோம்.

காலையிலேயே புறப்படுக, இருட்டும் முன் வீடு திரும்புக. எங்கே போகிறோம், எப்பொழுது வருவோம் என்பதைத் தாளில் எழுதி வீட்டில் வைத்துச் செல்க. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெளியூர்ப் பேருந்தில் சீட்டு வாங்க வேண்டும். எது எந்தப் பேருந்து என்று ஏறும் முன்னரே கேட்க வேண்டும். வழி கேட்கும்போது கடைக்காரர், நடத்துநர், பூ விற்கும் அம்மாள் போன்று அங்கேயே இருப்பவரைக் கேட்க வேண்டும். தானாக வந்து வழி சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை. ஆபத்தில் பெண்கள் 181 என்ற எண்ணையும், பதினெட்டு வயது நிரம்பாதோர் 1098 என்ற எண்ணையும் அழைக்கலாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயோடு கண்ணும் வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இனிக் காண வேண்டியவை. ஏகாம்பரநாதர் கோயிலின் பெரிய கோபுரம் 1509-இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. ஏறத்தாழ 190 அடி உயரம். வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில் பல்லவர் வரலாறே கல்லில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. சின்ன காஞ்சியில் வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் எண்ணிப் பார்த்தால் 96 தூண்களே உள! அங்கே ஒரே கல்லில் குடைந்த சங்கிலியும், மிளகு, சீரகம், சுக்கு மணக்கும் கோயில் இட்லியும் புகழ் பெற்றவை. வேகவதி ஆற்றின் அக்கரையில் திருப்பருத்திக்குன்றத்தில் சமணர் கோயிலும் அதன் விதான ஓவியங்களும் உள்ளன.

யாவற்றிலும் அக்காவின் மனத்தைக் கவர்ந்தது நகரின் மேற்கே அமைந்த கைலாசநாதர் கோயில். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் மணற்கல்லால் எழுப்பியது. மதிலின் உட்புறமாக 58 சிறு சன்னதிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒருவர் அமர்ந்து தியானம் செய்யும் அளவே இடம். முன்னே நிற்கும் சிறு சன்னதிகளுள் ஒன்று அரசி ரங்கபதாகை எழுப்பியது என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. “வேலைக்கு வந்த பிறகு என்னோடு நானே பேசியது அன்றைக்குத்தான்” என்றார் அக்கா. தனிப்பயணத்தின் பயன் அதுவே எனலாம்.

இவற்றையெல்லாம் எங்கள் அன்னையரிடம் படித்துக் காட்டினோம். அரையாண்டு விடுமுறையில் ஓர் அன்னை எங்கள் மூவரையும் அழைத்துச் சென்றார். காஞ்சிப் பேருந்து நிலையத்தில் தாம் அமர்ந்துகொண்டு, “போய் வாருங்கள்” என்றார். கைலாசநாதர் கோயில் வரை நாங்களே வழி கேட்டுச் சென்று, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே திரும்பினோம். மூவர் சென்றது தனிப்பயணம் ஆகாது என்பீர்கள். உண்மைதான். ஆனால் பேருந்து நிலையத்தில் அந்த இரண்டு மணி நேரம் தனியே இருந்தது எங்கள் அன்னையல்லவா! அவர் முகத்தைக் கண்டதும்தான் அது எங்களுக்குப் புரிந்தது.

திரும்பும் வழியில் அவர் கோயிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “யார்கிட்டே வழி கேட்டீங்க?” என்று மட்டும் கேட்டார். “பூக்காரம்மாகிட்டே” என்றோம். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “சரி, அடுத்த வருஷம் பஸ் பாஸுக்கு போட்டோ எடுக்கணும்” என்றார்.