வெடிக்காத குண்டுக்கு எத்தனை வருஷம்?

2024 பிப்ரவரி 8. சென்னையில் 13 பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்த நாள். என் அக்கா வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பிள்ளையைக் கூட்டிவர ஓடினாள். எல்லாம் புரளி என்று தெரிந்தபின் ராத்திரி என்னிடம் கேட்டாள்: "குண்டே இல்லையேடா, அப்புறம் என்னன்னு கேஸ் போடுவாங்க?"

அன்னைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு சட்டத்தை எடுத்து வைத்துப் படித்தேன்.

குண்டு இல்லை என்பது தப்பிக்கும் வழியே இல்லை. ஒருவரைப் பயமுறுத்தும் நோக்கத்தோடு மிரட்டினாலே குற்றம் முடிந்துவிட்டது. மிரட்டியபடி செய்ய நினைத்தாரா என்று சட்டம் கேட்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பள்ளிகளுக்கென்று தனிப் பிரிவு கிடையாது; 351-ஆம் பிரிவுதான். சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை சிறை. உயிரை எடுப்பேன், தீ வைப்பேன் என்ற ரகம் என்றால் 7 ஆண்டு வரை. ரெண்டிலுமே வெறும் அபராதத்தோடு விடவும் நீதிபதிக்கு இடமுண்டு. இதெல்லாம் பழைய இபிகோ 503, 506-இல் இருந்ததுதான், எண் மட்டும் மாறியிருக்கிறது.

எனக்கு ஆச்சரியம் தந்தது 351-இன் நாலாவது உட்பிரிவு. பெயரை மறைத்து மிரட்டினால், மேலே சொன்ன தண்டனையோடு இன்னும் 2 ஆண்டு வரை சேரும். போலி மெயில் ஐடியை கவசம் என்று நம்புகிறவர்களுக்கு அதுவே கூடுதல் குற்றம்! பொதுமக்களிடம் பீதி கிளப்புவதற்கு 353-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. அதில் 3 ஆண்டு வரை.

ஆனால் அனுப்புவது யார்? 2024 டிசம்பரில் டெல்லி ரோகிணியில் போலீஸ் தேடிப்போய்ச் சேர்ந்த இடம், அதே பள்ளியில் படிக்கும் உடன்பிறப்புகள் இருவரின் வீடு. பரீட்சை தள்ளிப்போகணும் என்பதுதான் காரணமாம். அறிவுரை சொல்லி, பெற்றோரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அக்காவுக்குப் படவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றவள் அவள்.

18 வயது நிரம்பாதவர் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். இந்த மாதிரி வழக்கில் சிறை கிடையாது. அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம். பிடிபட்ட நாளை வைத்து வயதைக் கணக்குப் போடமாட்டார்கள், குற்றம் நடந்த நாள்தான் கணக்கு. பிளஸ் டூ வகுப்பில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இருக்கும் ரெண்டு பேர் சேர்ந்து ஒரே மெயிலை அனுப்பினாலும், போன வாரம் 18 முடிந்தவன் மட்டும் பெரியவர்களுக்கான கோர்ட்டில் நிற்பான்.