தோற்ற சட்டமூலம்

"பார்லிமெண்ட்ல பேசி என்ன ஸேர் நடக்கப்போவுது?" என்று உயர்தர வகுப்பு மாணவனொருவன் கேட்டான். நான் கரு ஜயசூரியவைப் பற்றிச் சொன்னேன்.

2011இல் அவர் எதிர்க்கட்சி உறுப்பினர். அரச அலுவலகங்களிலுள்ள தகவலைப் பெறும் உரிமை மக்களுக்கு வேண்டுமெனத் தனிநபர் சட்டமூலமொன்றைக் கொண்டுவர முயன்றார். அரச தரப்பு எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தது. கோரிக்கை மட்டும் சாகவில்லை. 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் அதனை அடிப்படை உரிமையாக்கியது. 2016 ஜூனில் தகவலுக்கான உரிமைச் சட்டமூலம் வாக்கெடுப்பின்றியே நிறைவேறியது. ஆகஸ்ட் 4ஆம் திகதி அதற்குச் சான்றுரை வழங்கிய சபாநாயகர், அதே கரு ஜயசூரியதான்.

இச்சட்டப்படி தகவல் கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

எங்கள் தெருவில் ஒரு வடிகான் பாதியில் நின்றது. எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று வாயால் கேட்டபோதெல்லாம் "நாளைக்கு வாங்க" என்பதே பதில். இச்சட்டத்தைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கணக்கு எழுத்தில் வந்தது. வடிகான் இன்னும் முடியவில்லை. ஆனால் யாரிடம், எதைக் கேட்பதென்று இப்போது தெருவுக்கே தெரியும்.

கதை முடிந்ததும் அவன் கேட்டான்: "படிவம் எங்க ஸேர் எடுக்கிற?"

படிவம் கட்டாயமில்லை மகன், ஒரு கடிதம் போதும்.