ஹிஸ்டரியை அழிச்சாச்சு... அப்புறம்?

ஒரே போனை நாலு பேர் பயன்படுத்தும் வீடுகள் நம் ஊரில் நிறைய. பாடத்துக்காக ஏதோ தேட மகள் போனை எடுக்கிறாள். தேடும் இடத்தில் 'க' என்று ஓர் எழுத்தைத்தான் தட்டியிருப்பாள், 'கடன் கட்டாவிட்டால் என்ன செய்வார்கள்' என்று கீழே வந்து நிற்கிறது. முந்தின இரவு அப்பா தேடியது அது. யாரும் யாரையும் வேவு பார்க்கவில்லை. பிரவுசர் தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான்.

கடன் மட்டுமா? மகப்பேறு, மனநலம், விவாகரத்து, வேலை மாற்றம் என்று வீட்டில் வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்விகளைத்தான் நாம் முதலில் போனிடம் கேட்கிறோம். அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த உரிமையை நம் போனில் காப்பாற்றிக்கொள்ளும் வேலையில் ஒரு பகுதி நம் விரலில்தான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு போனில் குரோம் பிரவுசரைத் திறந்து, மேலே வலது ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்கள். 'டெலீட் பிரவுசிங் டேட்டா' என்று இருக்கும். சில போன்களில் 'கிளியர் பிரவுசிங் டேட்டா' என்று வரும். எவ்வளவு காலத்துக்கு அழிக்கணும் என்று கேட்கும். கடைசி 15 நிமிடம், ஒரு மணி நேரம், ஒரு நாள் என்று தொடங்கி 'எல்லாம்' வரை தேர்வு செய்யலாம். ஐபோனில் செட்டிங்ஸில் சஃபாரி பகுதிக்குள் போனால், ஹிஸ்டரியையும் இணையதளத் தரவையும் அழிக்கும் வசதி இருக்கிறது.

இங்கே அவசரப்பட்டு எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிடாதீர்கள். ஹிஸ்டரி என்பது நீங்கள் போன தளங்களின் பட்டியல். குக்கீஸ் என்பது அந்தத் தளங்கள் உங்களை அடையாளம் தெரிந்துகொள்ள வைத்துப்போன சிறு குறிப்புகள். அவற்றை அழித்தால் பல தளங்களில் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும். 'சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்' என்ற கட்டத்தையும் சேர்த்து அழித்துவிட்டு, மறுநாள் மின் கட்டணம் கட்ட உட்கார்ந்து பாஸ்வேர்டு ஞாபகமில்லாமல் முழிப்பவர்கள் உண்டு. இன்னொன்று: ஒரே கூகுள் கணக்கில் சிங்க் வசதி போட்டிருந்தால், போனில் அழிப்பது லேப்டாப்பிலும் அழிந்துபோகும்.

"அழிச்சிட்டேனே, இனி யாருக்கும் தெரியாதுல்ல?" தெரியும் என்பதுதான் பதில். ஹிஸ்டரியை அழிப்பது, அதே போனை எடுத்துப் பார்ப்பவரிடமிருந்துதான் உங்களைக் காக்கும். குரோமில் ஹிஸ்டரியை அழித்தாலும், நீங்கள் தேடியவை உங்கள் கூகுள் கணக்கில் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தில் தனியாக இருக்கக்கூடும். அங்கே போய் தனியே அழிக்கணும். 3, 18 அல்லது 36 மாதத்துக்கு மேற்பட்டவை தானாக அழியும்படியும் அங்கேயே அமைத்துவிடலாம். யூடியூப்பில் பார்த்தவற்றுக்கும் தனிப் பட்டியல் உண்டு.

'இன்காக்னிட்டோ' என்னும் மறைவுப் பக்கமும் அப்படித்தான். அது போனில் ஹிஸ்டரி சேராமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் போன தளத்துக்கும், இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கும் உங்களை மறைக்காது. அதில் டவுன்லோட் செய்த கோப்பும் போனிலேயே கிடக்கும். இந்த மறைவுப் பக்கத்தில் இருந்தவர்களின் தரவும் திரட்டப்பட்டது என்று அமெரிக்காவில் கூகுள் மீது 2020-ல் வழக்கு வந்தது. அப்படித் திரட்டிய பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க 2024-ல் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

வீட்டைவிட பிரவுசிங் சென்டரில்தான் அதிகக் கவனம் வேணும். தேர்வு விண்ணப்பம், வருமானச் சான்றிதழ், பட்டா நகல் என்று போகிறோம். பிரிண்ட் எடுப்பதற்காக அங்குள்ள கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பைத் திறக்கிறோம். வேலை முடிந்ததும் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம், வாட்ஸ்அப் அங்கேயே திறந்திருக்கிறது! இப்படி மறந்து வந்துவிட்டால் பதற வேண்டாம். உங்கள் போனில் வாட்ஸ்அப்பின் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதிக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரைத் துண்டித்துவிடலாம். கூகுள் கணக்கிலும் 'யுவர் டிவைசஸ்' பகுதியில் இதேபோல வெளியேற முடியும்.

ஹிஸ்டரியைவிட ஆபத்தானது அங்கே டவுன்லோட்ஸ் ஃபோல்டர். ஆதார் தளத்திலிருந்து இறக்கிய கோப்புக்கு பாஸ்வேர்டு உண்டுதான். ஆனால் ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது; உங்கள் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து தந்தவருக்கு இரண்டுமே தெரியும். எனவே கோப்பை 'ஷிஃப்ட்', 'டெலீட்' இரண்டையும் சேர்த்து அழுத்தி அழியுங்கள். வெறுமனே டெலீட் செய்தால் ரீசைக்கிள் பின்னில் போய் உட்கார்ந்திருக்கும். முழு எண் தேவையில்லாத இடங்களுக்குக் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதும். 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா?' என்று பிரவுசர் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு சூழலில் மட்டும் அழிக்கும் முன் யோசிக்கணும். வீட்டில் வன்முறையை எதிர்கொள்ளும் பெண், உதவி தேடிய தடத்தை மறைக்க நினைக்கலாம். ஹிஸ்டரி முழுவதும் திடீரென்று காலியாக இருந்தால், அதுவே போனை நோண்டுபவருக்குச் சந்தேகம் தரும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் பட்டியலிலிருந்து நீக்குவதோ, கடைசி 15 நிமிடத்தை மட்டும் அழிப்பதோ நல்லது. முடிந்தால் நம்பிக்கையான வேறொருவர் போனில் தேடுங்கள். பெண்கள் உதவி எண் 181. பேசியபின் கால் லிஸ்ட்டிலிருந்தும் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள்.

மற்றொன்று, ஆன்லைனில் பணம் ஏமாந்தவர்கள். வெட்கத்திலும் பயத்திலும் முதல் வேலையாக எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். போலித் தளத்தின் முகவரி, போன நேரம், வந்த மெசேஜ் எல்லாமே புகாருக்கு ஆதாரம். எதையும் அழிக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட்டெல்லாம் அதற்கு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.