மடியில் நாய், கையில் ஸ்டீயரிங்... காரில் செல்ல நாய்க்கும் பெல்ட் ஏன் அவசியம்?

சனிக்கிழமை காலை ஈசிஆர் பக்கம் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பின் சீட் ஜன்னலில் தலையை நீட்டிக் காற்று வாங்கும் லேப்ரடார். டிரைவர் மடியில் உட்கார்ந்து ரோட்டை வேடிக்கை பார்க்கும் குட்டி நாய். போட்டோவுக்கு அழகுதான். ஆனால், காரில் இருப்பவர்கள் எல்லாம் பெல்ட் போட்டிருக்க, அது மட்டும் எந்தப் பிடிப்பும் இல்லாமல் பயணிக்கிறது.

கேட்டால், “நம்ம பையன் சமர்த்தா உட்கார்ந்துப்பான், ஒண்ணும் ஆகாது” என்பார்கள். நாய் எவ்வளவு சமர்த்தாக இருந்தாலும், விபத்து நேரத்தில் அது கைகொடுக்காது.

மோதினால் என்ன ஆகும்?

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதினால், கார்தான் நிற்கும். கட்டப்படாத நாய் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். இது சுமார் 10 மீட்டர் உயரத்தில், அதாவது மூன்றாவது மாடியில் இருந்து விழுவதற்குச் சமம். வேகம் 80 கி.மீ. என்றால், எட்டாவது மாடி! பின் சீட்டில் இருக்கும் 25 கிலோ நாய் அந்த வேகத்தில் வந்து மோதுவது, முன்னால் இருப்பவரின் முதுகிலோ தலையிலோதான்.

மடியில் வைத்திருந்தால் இன்னும் மோசம். கண் இமைக்கும் நேரத்துக்குள் விரியும் ஏர்பேகுக்கும் டிரைவருக்கும் நடுவில் நாய் மாட்டிக்கொள்ளும். முன் பக்க பயணி சீட்டிலும் இதே ஆபத்து உண்டு.

விபத்தே நடக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிரேக் பெடலுக்குக் கீழே குட்டி நாய் நுழைந்தால் போதும். பின்னால் குரைக்கும் நாயை 2 விநாடி திரும்பிப் பார்த்தால், 60 கி.மீ. வேகத்தில் கார் 33 மீட்டர் ஓடியிருக்கும்.

காலரில் மாட்டினால் போதாதா?

போதாது. பலரும் செய்யும் தவறு இதுதான். சீட் பெல்ட் பக்கிளில் செருகும் கிளிப் ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கிறது. அதன் மறுமுனையைக் கழுத்து காலரில் மாட்டிவிட்டால், மோதும்போது மொத்த விசையும் கழுத்தில் இறங்கும். அது கழுத்தெலும்பையே முறிக்கலாம். கிளிப்பை எப்போதும் மார்பைச் சுற்றி அணியும் அகலமான ஹார்னஸில்தான் மாட்ட வேண்டும்.

வாக்கிங் ஹார்னஸும் கார் ஹார்னஸும் ஒன்றல்ல. அமெரிக்காவின் ‘சென்டர் ஃபார் பெட் சேஃப்டி’ அமைப்பு, சுபாரு நிறுவனத்துடன் சேர்ந்து 2013-ல் பொம்மை நாய்களை வைத்து ஹார்னஸ்களுக்கு மோதல் சோதனை நடத்தியது. பல தயாரிப்புகள் சொதப்பின. ‘ஸ்லீப்பிபாட்’ நிறுவனத்தின் ஒரு ஹார்னஸ் மட்டுமே முதலிடத்துக்குத் தேர்வானது. எனவே, ‘கிராஷ் டெஸ்டட்’ என்ற லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். யார் சோதித்தது, எத்தனை கிலோ நாய் வரை என்று கேட்டு வாங்குங்கள்.

எப்படி மாட்டுவது?

* நாய்க்கு எப்போதும் பின் சீட்தான். பட்டை, உட்காரவும் படுக்கவும் முடிகிற நீளம் இருந்தால் போதும். நீளம் கூடினால், மோதும்போது தூக்கி வீசப்படும் தூரமும் கூடும்.
* குட்டி நாய் என்றால் கேரியர் நல்லது. முன் சீட்டுக்குப் பின்னால், தரையில் வைக்கலாம்.
* எஸ்யூவி டிக்கியில் கூண்டு வைத்தால், கூண்டையும் இறுகக் கட்டுங்கள். கட்டாத கூண்டும் பறக்கும்.
* புது ஹார்னஸை முதல் நாளே நீண்ட பயணத்துக்குப் போடாதீர்கள். வீட்டில் சில நாள், நிற்கும் காரில் சில நாள், பிறகு தெருமுனை வரை ஒரு ரவுண்டு எனப் பிஸ்கட் கொடுத்துப் பழக்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பில் 57-வது விதி, காரில் நாயைப் பொருத்தமான முறையில் கட்டி வைக்கச் சொல்கிறது. ஹார்னஸ், கேரியர், கூண்டு, தடுப்பு ஆகியவற்றை அதுவே வழிகளாகக் குறிப்பிடுகிறது.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘நாய்க்கு சீட் பெல்ட்’ என்று தனிப் பிரிவு இல்லை. ஆனால், டிரைவரின் கட்டுப்பாட்டுக்கு இடையூறாக யாரையும் உட்கார வைக்கவோ, எதையும் வைக்கவோ 125-வது பிரிவு தடை விதிக்கிறது. மடியில் நாயோடு ஓட்டுபவர் இதில் சிக்கலாம். தேவையற்ற வலியோ துன்பமோ தரும் விதத்தில் விலங்கை வண்டியில் ஏற்றிச் செல்வது, 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

இறங்கும்போதும் கவனம்

நெடுஞ்சாலை ஓரம் டீ குடிக்க நிறுத்தியதும் கதவைத் திறக்கும் நொடியும் ஆபத்தானது. மிரண்ட நாய் ஒரே பாய்ச்சலில் ரோட்டுக்குப் போய்விடும். முதலில் கயிற்றை மாட்டி, கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்துதான் பெல்ட் கிளிப்பைக் கழற்ற வேண்டும்.