வெற்றிடத்துக்கும் ஒரு நகல்

புத்தம் புதிதாக இரண்டு ஹார்ட் டிஸ்குகள். இரண்டிலும் ஒரு ஃபைல்கூட இல்லை. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதிவாகும்படி இவற்றை ஜோடி சேர்த்து 'மிர்ரர்' ஆக்கினால், கம்ப்யூட்டர் உடனே ஒரு வேலையில் இறங்குகிறது. முதல் டிஸ்கில் இருப்பதையெல்லாம் இரண்டாவதில் நகலெடுக்கிறது, மணிக்கணக்கில். ஆடிட்டர் அலுவலகமோ ஃபோட்டோ ஸ்டூடியோவோ, திரையில் சதவீதம் மெல்ல நகர்வதைப் பார்ப்பவர்களுக்கு எழும் கேள்வி நியாயமானதுதான்: இல்லாததை எதற்கு நகலெடுக்க வேண்டும்?

காரணம் எளிது. மிர்ரருக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வரிசையாக எண் போட்ட கட்டங்கள். எந்தக் கட்டத்தில் கணக்கு இருக்கிறது, எதில் பழைய குப்பை இருக்கிறது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டு டிஸ்குகளும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதே அதற்கு இடப்பட்ட கட்டளை. அதனால் கடைசிக் கட்டம்வரை நகலெடுத்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு 'ரெய்டு 1' என்று பெயர். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கேட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரை தந்த பெயர் அது. டிஸ்குகளை ஜோடியாக வைக்கும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு.

லினக்ஸில் இதைக் கவனிக்கும் 'எம்டி' என்ற பகுதி, நகல் முடியும்வரை யாரையும் காக்கவைப்பதில்லை. மிர்ரரை முதல் நிமிடத்திலிருந்தே பயன்படுத்தலாம். புதிதாக எழுதுவது இரண்டு டிஸ்குகளுக்கும் போகிறது. நகல் இன்னும் எட்டாத பகுதியைப் படிக்கக் கேட்டால் முதல் டிஸ்க் மட்டுமே பதில் சொல்கிறது.

அலுவலக வேலைக்குத்தான் முன்னுரிமை. டிஸ்க் ஓய்வாக இருந்தால் நகல் வேகமெடுக்கும். வேலை வந்தால் ஒதுங்கி வழிவிடும். 4 டெராபைட் டிஸ்கில் நொடிக்கு 150 மெகாபைட் வேகம் கிடைத்தால் ஏழரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வேலை நெருக்கடியில் நொடிக்கு 1,000 கிலோபைட் என்ற வழக்கமான குறைந்தபட்ச வேகத்திலேயே நகர்ந்தால்? ஏறக்குறைய ஒன்றரை மாதம்!

குறுக்கு வழியின் விலை

'இரண்டும் ஒன்றுதான், நம்பு' என்று சொல்லி இந்த வேலையைத் தவிர்க்கவும் வழி இருக்கிறது. புது டிஸ்கில் உடனடி ஆபத்து எதுவும் தெரியாது. ஃபைல் சிஸ்டம் தான் எழுதியதை மட்டுமே திரும்பப் படிக்கும். சிக்கல் பின்னால் வரும். அவ்வப்போது இரண்டு டிஸ்குகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையில், ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகாத கட்டங்கள் எல்லாம் பிழைக் கணக்கில் சேரும். நிஜமாகவே கெட்டுப்போன கட்டம் அந்தக் கூட்டத்தில் மறைந்துகொள்ளும். முதல் நாள் மிச்சப்படுத்திய சில மணி நேரத்துக்காக, எச்சரிக்கை மணியையே இழக்க நேரும்.

மின்வெட்டுக்கும் மருந்து இருக்கிறது. எங்கே எழுதப் போகிறோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் 'பிட்மேப்' வசதி அது. ஒருமுறை சமமான டிஸ்குகள் திடீரென்று அணைந்து மீண்டால், குறித்த பகுதிகளைச் சரிசெய்தால் போதும்.

2005இல் சன் நிறுவனம் வெளியிட்ட 'இசட்எஃப்எஸ்' வேறு வழியில் போனது. அதில் ஃபைல் சிஸ்டமும் மிர்ரரும் ஒன்றே என்பதால் வெற்றிடத்தை நகலெடுக்கும் வேலையே இல்லை.

மிர்ரருக்கு உண்மையான சோதனை, ஒரு டிஸ்க் செத்து புதியதை மாட்டும் நாளில்தான். இப்போது நகலெடுப்பது வெற்றிடத்தை அல்ல, எஞ்சியிருக்கும் ஒரே பிரதியை. அதைக் கொடுக்கும் டிஸ்கோ பெரும்பாலும் செத்ததோடு ஒரே நாளில் வாங்கியது, அதே அளவு உழைத்தது. அந்தச் சில மணி நேரத்தில் அதுவும் கைவிட்டால் எல்லாம் போயிற்று. தவறுதலாக அழித்த ஃபைலையும் மிர்ரர் காப்பாற்றாது; இரண்டு டிஸ்குகளிலும் விசுவாசமாக அழித்துவிடும். ஆகவே புது டிஸ்கை மாட்டுவதற்கு முன், தனியாக வேறிடத்தில் ஒரு பேக்கப் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.