ஒரு வில்லைக்குள் இரண்டு மருந்துகள்

பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் 'வயிற்றுவலி மாத்திரை' என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் தனி மருந்தன்று. வெவ்வேறு வழிகளில் வேலை செய்யும் இரண்டு மருந்துகளை ஒரே வில்லையில் சேர்த்த கூட்டு மருந்தாகும். மெஃப்டால்-ஸ்பாஸ் மாத்திரையில் 250 மில்லிகிராம் மெஃபெனாமிக் அமிலமும் 10 மில்லிகிராம் டைசைக்ளோமினும் உள்ளன. சைக்லோபாம் மாத்திரையிலோ 20 மில்லிகிராம் டைசைக்ளோமினுடன் பாராசிட்டமால் சேர்ந்திருக்கிறது.

குடலும் கருப்பையும் மனிதரின் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தசைகளால் ஆனவை. அவை விட்டுவிட்டு இறுகும்போது எழுவதே சுருட்டிப் பிடிக்கும் வலி. மெஃபெனாமிக் அமிலம், வலியையும் கருப்பைச் சுருக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உண்டாவதைக் குறைக்கிறது. மாதவிடாய் வலிக்கு அது நன்கு கேட்பதன் காரணம் இதுவே. டைசைக்ளோமின் தசையை இறுகச் செய்யும் நரம்பின் ஏவலைத் தடுக்கிறது. ஊமத்தங்காயைத் தின்றவருக்கு வாய் வறண்டு, கண்மணி விரிந்து, சிறுநீர் கட்டிக்கொள்வதைக் கிராமத்தார் அறிவர். அந்த நஞ்சு தடுக்கும் நரம்பு ஏவலையே டைசைக்ளோமினும் மிதமான அளவில் தடுக்கிறது என்பதால், கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைப்படும் முதியவர்களுக்கும் அது ஆகாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு மூச்சுத் திணறலையே உண்டாக்கக்கூடும் என்பதால், டைசைக்ளோமின் கலந்த சொட்டு மருந்தை வயிற்றுப் பொருமலுக்கென்று கொடுப்பது பெருந்தவறு.

ஊருக்கு ஊர் வேறுபடும் ஆபத்தும் இதில் உண்டு. டைசைக்ளோமின் வியர்வையைக் குறைப்பதால், உடல் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி அடைபடுகிறது. 2024 ஏப்ரலில் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பாலக்காட்டில், மாத்திரையை விழுங்கிவிட்டு வெயிலில் வயல்வேலைக்கு இறங்குவது வெப்பத்தாக்குதலுக்கு இடங்கொடுக்கும். இடுக்கி மலையில் அவ்வளவு வெப்பம் இல்லை. ஆனால் அதே மருந்து தரும் கிறுகிறுப்பும் பார்வை மங்கலும், செங்குத்தான சரிவில் கொழுந்து கிள்ளும் பெண்ணின் கால் வழுக்கப் போதுமானவை.

மெஃபெனாமிக் அமிலம் இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கக்கூடியது. ஆகவே வெறும் வயிற்றில் உண்ணக் கூடாது. வயிற்றுப்போக்கால் நீர்ச்சத்து வற்றியவருக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்; ஆனால் வயிற்றுப்போக்கோடு வலி வரும் வேளையில்தான் பலர் இதைத் தேடுகின்றனர். குடற்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா ஆகியவை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடலாகாது.

எல்லைப்புற வாழ்க்கை மற்றொரு சிக்கலையும் கூட்டுகிறது. பொள்ளாச்சியிலோ கம்பத்திலோ எழுதிக் கொடுத்த மாத்திரைக்கும் கேரளத்துக் கடையில் வாங்கியதற்கும் பெயர் வேறாக இருக்க, உள்ளிருக்கும் மருந்து ஒன்றாகவே இருக்கலாம். இரண்டையும் உண்டால் அளவு இரட்டிப்பாகும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் உண்பவர் சைக்லோபாமையும் சேர்த்துக்கொண்டால், வளர்ந்தவருக்கான ஒருநாள் உச்சவரம்பான 4 கிராமை அறியாமலே நெருங்கிவிடக்கூடும். அட்டையின் பின்புறத்தில் உள்ளிருக்கும் மருந்தின் பெயர் ஆங்கிலச் சிறு எழுத்தில் இருப்பது ஒரு தடை. கடைக்காரர் இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது அந்தப் பெயரும் காலாவதித் தேதியும் மிச்ச அட்டையோடு கடையிலேயே தங்கிவிடுவது அதைவிடப் பெரிய தடை.

மாத்திரையால் அடக்கிவைக்கக் கூடாத வலிகளும் உண்டு. தொப்புளருகே தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். வயிறு பலகைபோல் விறைத்தாலும், வாயு பிரியாமல் வாந்தி தொடர்ந்தாலும், மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்குக் கடும் வலி எடுத்தாலும், மாத்திரை தரும் தற்காலிக அமைதி மலைப்பாதையில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் நேரத்தைத் தள்ளிப்போடும் என்பதே அச்சத்துக்குரியது.

மெஃபெனாமிக் அமிலம் அரிதாக டிரெஸ் எனப்படும் கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் நூல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிக்கட்டு ஆகியவற்றோடு உள்ளுறுப்புகளையும் தாக்கும் இந்நிலை, மருந்தைத் தொடங்கிச் சில வாரங்கள் கழித்தே தலைகாட்டுவதால், அதற்குள் மாத்திரை மறந்துபோயிருக்கும். பக்கவிளைவுகளை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. அதில் மருந்தின் பெயரை எழுத வேண்டிய இடம் வரும்போது, வீட்டில் எடுத்துவைத்த அட்டைத் துண்டு வேண்டியிருக்கும்.